மெடிக்கலில் பால்கோவா

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு கல்லூரி மாணவர்கள். ஒருவன் மடியில் பால்கோவா டப்பா.

“மெடிக்கல்ல எங்கலே பால்கோவா விக்கான்?”

“கேளுலே. நம்ம ஊர்க் கடைக்காரவிய எல்லாம் அப்பாவுக்குத் தெரிஞ்சவிய. அதான் காண்டம் வாங்க இம்புட்டுத் தூரம் வந்தேன். பாத்தா, மெடிக்கல்ல நம்ம தமிழ் சார் நிக்காரு.”

“‘காண்டம் கேக்க வெக்கப்படாதீங்க’ன்னு கிளாஸ் எடுத்தாரே, அவரா?”

“அவரேதான். என்னையப் பாத்ததும், ‘பால்கோவா வாங்க வந்தேன்’னாரு. ‘நானுந்தான் சார்’னேன். ரெண்டு பேரும் பக்கத்துக் கடையில ஆளுக்கு அரைக் கிலோ வாங்கிட்டுத் திரும்பிட்டோம்.”

“அப்ப நாளைக்கு அவளப் பாக்கப் போறியா?”

“அது இல்லாம கிட்ட வராதன்னு சொல்லிருக்காளே. நான் போகல, நீ பால்கோவாவத் தின்னு. சார நெனச்சாத்தான் பாவமா இருக்கு. அவருக்கு ஏற்கெனவே நாலு புள்ளைக.”