முப்பத்தெட்டு மில்லிமீட்டர்

சற்று முன் நீங்கள் கொட்டாவி விட்டபோது உங்கள் இடது காதருகே ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. பயப்பட ஒன்றுமில்லை. நிறையப் பேருக்கு அது உண்டு. இருபத்திரண்டு வருடமாகத் தாடை மூட்டோடு மாரடித்தவள் நான், என் காதில் அது விழாமல் போகாது.

காதுக்கு முன்னால், மண்டையோட்டுக்கும் தாடை எலும்புக்கும் நடுவில், ஒரு சின்னத் தட்டு இருக்கிறது. ஓரம் தடிப்பு, நடுவில் மெல்லிசு. நாம் மெல்லும்போதும் பேசும்போதும் எலும்போடு சேர்ந்து முன்னும் பின்னும் வழுக்கிப் போய் வரும். கிழிந்தால் தானாக ஆறாது. விலா எலும்பின் நுனியிலிருந்து குருத்தெலும்புச் செல்களை எடுத்து, அந்தத் தட்டைப் புதிதாக வளர்ப்பதுதான் என் வேலை.

வளர்த்த தட்டை மெல்லும் இயந்திரத்தில் வைத்துப் பத்து லட்சம் தடவை அழுத்தித் தேய்த்தோம். ஒரு கீறல் இல்லை. ஆனால் இயந்திரத்துக்கு ரத்தம் கிடையாது. அதில் எலும்பு முளைக்காது.

பிறகு எட்டு ஆடுகளுக்குப் பொருத்தினோம். ஐந்து நன்றாகத் தின்றன. மூன்றுக்கு மட்டும் நான்காம் மாதத்தில் தட்டுக்குள் எலும்பு வளர்ந்து, தாடையும் மண்டையும் ஒன்றாக ஒட்டிவிட்டன. ஆடுகளைப் பார்த்துக்கொண்டவர் பதிவேட்டோடு என் அறைக்கு வந்தார்.

“மேடம், இது காய்ச்சல் இல்ல. வாயத் தொறக்கவே முடியல. மூணு நாளா அசை போடல. மூஞ்சியப் பாத்தா பாவமா இருக்கு.”

“காய்ச்சல்னே எழுதுங்க.”

எழுதினார். எழுதிவிட்டுப் பதிவேட்டை என் பக்கமாகத் திருப்பி வைத்தார். நான் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர்தான் உங்களிடம் வந்து புகார் கொடுத்திருப்பார் என்று நினைக்கிறேன். நல்ல மனிதர்.

எட்டில் மூன்று என்று எழுதினால் ஆய்வுக்கூடத்தை மூடியிருப்பார்கள். வலியில் இருப்பவர்கள் வலியிலேயே கிடந்திருப்பார்கள். நான் யோசித்தது அவ்வளவுதான்.

என் தங்கையும் அந்த வலியில் இருந்தவள்தான். மின்சார அலுவலகத்தில் புகார்களைப் போனில் கேட்டுப் பதில் சொல்லும் வேலை. வீட்டில் அவளை வானொலி என்போம். நிறுத்துகிற திருகு இல்லாத வானொலி என்பார் அப்பா. ஐந்து வருடமாக இடது தட்டு கிழிந்து, ஒரு ரொட்டித் துண்டை மென்று முடிப்பதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். மனிதர்களில் முதல் ஆளாக அவளுக்குப் பொருத்தலாம் என்று நான்தான் சொன்னேன்.

“ஆட்டுக்கெல்லாம் ஒண்ணும் ஆகலையே, அக்கா?”

“மூணு காய்ச்சல்ல போச்சு. அது கொட்டகை பிரச்சினை.”

“அப்ப சரி. எனக்குக் கொட்டகை வேணாம், கட்டில் குடுங்க.”

சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள். அறுவை செய்த மருத்துவருக்கும் காய்ச்சல் கதைதான் தெரியும். அவரை இதில் இழுக்காதீர்கள்.

முதல் இரண்டு மாதம் பிரமாதம். ஒரு முழு ஆப்பிளைக் கடித்துத் தின்றுகொண்டே எனக்குப் போன் செய்தாள். அந்தப் பத்து நிமிடமும் அவள் பேச்சை விட அவள் மெல்லும் சத்தத்தைத்தான் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் அதை விடச் சந்தோஷமான பத்து நிமிடம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைதோறும் அவள் வீட்டுக்குப் போய், மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவில் அளவுகோலை வைத்து நானே அளந்தேன். முதலில் முப்பத்தெட்டு மில்லிமீட்டர் இருந்தது. மூன்றாம் மாதம் முப்பத்தொன்று. பிறகு இருபத்திரண்டு. பிறகு பதினொன்று. பதினொன்று அளந்த அன்று என் நோட்டை எட்டிப் பார்த்துவிட்டாள்.

“அக்கா, முப்பத்தெட்டுன்னு போட்டிருக்கே.” பல்லிடுக்கில்தான் பேச்சு வந்தது.

“இறுக்கம் விட்டதும் அதான் வரப்போகுது. முன்னாடியே எழுதிட்டேன்.”

அவள் மூக்கால் சிரித்தாள். நான் சொன்னதை அவள் நம்பாமல் இருந்ததே இல்லை.

ஐந்தாம் மாதம் அளவுகோல் உள்ளே போகவில்லை. போனில் பேசுகிறவர்களுக்கு அவள் சொல்வது புரியாமல் வேலை போயிற்று. உறிஞ்சு குழாயில் கஞ்சியும் பாலும். ஒரு சிலேட்டு வாங்கி வைத்துக்கொண்டாள். வேறு டாக்டரிடம் காட்டலாமா என்று எழுதினாள். அவள் கணவரும் கேட்டார். ஆறு வாரம் பொறுக்கச் சொன்னேன். அடுத்து இருபது பேருக்குப் பொருத்த அனுமதி கேட்டிருந்தோம், ஆறு வாரத்தில் முடிவு வரும். அதற்குள் வேறொருவர் அவள் தாடையைப் படம் எடுத்தால் எல்லாம் முடிந்தது. இதை நான் மறைக்கவில்லை பாருங்கள்.

நான்காவது வாரம், செவ்வாய்க்கிழமை பகல், அவள் கணவர் போன் செய்தார்.

“அண்ணி, வயித்தப் புரட்டுதாம், எழுதிக் காட்டுறா. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடட்டுமா?”

“வேணாம். நான் வர்றேன். படுக்க மட்டும் வைக்காதீங்க.”

படுக்க வைக்கக் கூடாது என்று எனக்குத் தெரிந்திருந்தது. தாடை உடைந்து பல்லைக் கம்பியால் கட்டியவர்களுக்கு கம்பி வெட்டும் கத்தரி ஒன்றும் கொடுத்தனுப்புவோம். வாந்தி வந்தால் கம்பியை வெட்டிவிடலாம். எலும்பே ஒட்டிவிட்டால் வெட்ட ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரியில் மூக்கு வழியாகக் குழாய் விட்டு வயிற்றைக் காலி செய்திருப்பார்கள். கால் மணி நேர வேலை. அதுவும் தெரிந்திருந்தது.

நான் போனபோது நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். சிலேட்டில் ‘ஆஸ்பத்திரி’ என்று எழுதியிருந்தாள். ‘வீணா தெம்ப செலவழிக்காதே’ என்று சொல்லி அதைத் துடைத்தேன். கணவரை மாத்திரை வாங்க அனுப்பினேன். மறுபடி எழுதினாள். மறுபடி துடைத்தேன். மூன்றாம் முறை எழுதத் தொடங்கியபோது சாக்பீஸ் கீழே விழுந்தது. மூக்கு வழியாக வந்தது போக மீதி மூச்சுக்குழலில் இறங்கியது. அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். ஏழு நிமிடம் ஆனது. ஆம்புலன்ஸ் எண்ணை எட்டாவது நிமிடம் அழுத்தினேன்.

இறப்புக்குக் காரணம் வயிற்றுக் கோளாறு என்று எழுதிக் கொடுத்தேன். பன்னிரண்டாம் நாள் அனுமதி வந்தது. இதுவரை பதினாறு பேருக்குப் பொருத்தினோம், ஒன்பது பேருக்கு இறுகிவிட்டது. அவர்கள் முகவரி எல்லாம் அந்த நீலக் கோப்பில் இருக்கிறது. சீக்கிரம் போய்ப் பாருங்கள். படுத்துத் தூங்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

நீங்கள் என்னை என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். ஆனால் அவள் விருப்பத்துக்கு மாறாக நான் எதையும் செய்ததாக மட்டும் எழுதாதீர்கள். வேண்டாம் என்று அவள் ஒரு தடவை வாய் திறந்து சொல்லியிருந்தால், அந்த இடத்திலேயே நிறுத்தியிருப்பேன்.