ஹாரன் அடிக்காத கார்

பழைய கார் பந்தயங்களைப் பற்றி எழுத வந்திருக்கிறேன் என்றீர்கள். நல்லது சார், உட்காருங்கள், காப்பி வருகிறது. நான் அவசியமில்லாமல் ஹாரன் அடிக்கிறவன் இல்லை என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

அப்போது ராஜபாளையம் ஸ்டாண்டில் நான் அம்பாசடர் ஓட்டினேன். ரத்தினம் ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டாண்டில் ஃபியட். ஆடிப்பூரத் தேருக்கு முந்தின ஞாயிறு விடிந்ததும், இரண்டு ஊருக்கும் நடுவே ரோடு நேராகக் கிடக்கும் இடத்தில், ஒற்றைப் புளியிலிருந்து கல்பாலம் வரை விரட்டுவோம். காசு வைப்பதில்லை. தோற்றவன் அடுத்த ஆடிப்பூரம் வரை ஜெயித்தவன் ஊருக்குள் ஹாரன் அடிக்கக் கூடாது. அதுதான் பந்தயம்.

இவ்வளவுதானா என்று நினைக்காதீர்கள். மூன்று வருஷம் தொடர்ந்து தோற்றவன் நான். வில்லிபுத்தூர் தேரடியில் மாடு படுத்திருந்தால், அது எழுந்திருக்க மனசு வைக்கும்வரை நான் காத்திருக்க வேண்டும். ஒரு தடவை கல்யாணப் பெண்ணை ஏற்றிப் போனபோது, முகூர்த்தம் தப்பிவிடும் என்று பெண்ணின் அத்தை பாலம்மாள் ஜன்னலுக்கு வெளியே தாம்பாளத்தை நீட்டிக் கரண்டியால் தட்டிக்கொண்டே வந்தாள். "ஊமை வண்டி வருது, ஒதுங்குங்கலே" என்று பால்கோவாக் கடைக்காரர்கள் எனக்கு வழிவிட்டார்கள். மானம் கப்பலேறிவிட்டது. என் வீட்டுக்காரி வெள்ளத்தாய்கூடச் சோறு போடும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

எண்பத்தேழில் நான்காவது தடவை தோற்க எனக்குத் தெம்பில்லை. ரத்தினத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. வண்டி எடுக்குமுன் ரோட்டை விட்டு இறங்கி, பம்ப்செட்டில் முகம் கழுவி, ஆண்டாள் கோபுரம் இருக்கும் திசையைப் பார்த்துக் கண்ணை மூடி நிற்பான். மற்ற டிரைவர்கள் தீர்ப்புச் சொல்லக் கல்பாலத்தில் இருந்தார்கள்.

"அண்ணே, வண்டியப் பாத்துக்கிடுங்க. செத்த நேரத்துல வாரேன்" என்றான்.

பார்த்துக்கொண்டேன். பானெட்டைத் திறந்து, எங்கள் பக்கத்துத் தறிகளில் நெய்கிற காயம் கட்டும் துணியை நாலாக மடித்து, ஏர் ஃபில்டர் வாயில் செருகினேன். சும்மா ஓடும்போது தெரியாது, அழுத்தி மிதித்தால் மூச்சு முட்டும். முட்டியது. நான் கல்பாலத்தில் இறங்கிப் பீடி பற்றவைத்த பிறகுதான் ஃபியட் இருமிக்கொண்டே வந்தது. என்ன கோளாறு பார்ப்போம் என்று நானே பானெட்டைத் திறந்து, துணியை உருவி மடியில் வைத்துக்கொண்டேன்.

"தோத்தா தோத்ததுதானண்ணே" என்று ரத்தினம் சிரித்தான்.

வாக்கு என்றால் அவனுக்கு வேதம். கை தவறிக்கூட அழுத்திவிடக் கூடாதே என்று, எங்கள் ஊர் எல்லையில் நிறுத்தி ஹாரன் ஒயரையே பிடுங்கிவிட்டுத்தான் உள்ளே வருவான். திரும்பும்போது மாட்டிக்கொள்வான். ஸ்டாண்டில் நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். நாலு மாசம் நல்ல சந்தோஷம், மறைப்பானேன்.

கார்த்திகையில் ஒரு காலை, எங்கள் ஊரில் மில் வேலைக்குப் போகிற அழகுத்தாய் தூக்குச்சட்டியோடு, திரும்பிப் பார்க்காமல் ரோட்டில் இறங்கினாள். பின்னால் ஃபியட்டில் வந்த ரத்தினம் தலையை நீட்டிக் கத்தினான். அந்நேரம் பார்த்து மில்லில் எட்டு மணிச் சங்கு ஊதியது. பிரேக் பிடித்தும் வண்டி நிற்காமல் அவள்மேல் மோதிவிட்டது. என் காரில்தான் அவளை ஏற்றிப் போனேன், வழி நெடுக ஹாரன் அடித்துக்கொண்டு. பந்தயத்தன்றிலிருந்து காரில் கிடந்த அந்தத் துணியைத்தான் தலையில் கட்டினோம். ஆஸ்பத்திரி வாசலோடு முடிந்துவிட்டது. அவளுக்கு மூன்று பிள்ளைகள்.

கோர்ட்டில் நான் சாட்சி. ஒயர் கழன்று கிடந்ததைப் பார்த்தாயா என்றார்கள். பார்த்தேன் என்றேன், அது சத்தியம். ஏன் கழற்றினான் என்றார்கள். தெரியாது என்றேன். பந்தயப் பேச்சு வெளியே வந்தால் இரண்டு ஸ்டாண்டிலும் அத்தனை பேர் லைசென்சும் போகும் என்று ரத்தினமும் வாயைத் திறக்கவில்லை. நானும் அதற்காகத்தான் மறைத்தேன் என்று நினைத்து, கூண்டிலிருந்து எனக்குக் கையெடுத்துக் கும்பிட்டான்.

ஒன்றரை வருஷம் உள்ளே இருந்தான். பிறகு ஸ்டீயரிங்கைத் தொடவில்லை. வ. புதுப்பட்டிப் பக்கம் தோட்டக் காவலுக்கு இருக்கிறான். ஒவ்வோர் ஆடிப்பூரத்துக்கும் பால்கோவா கொண்டுவந்து தருகிறான், நானும் சாப்பிடுகிறேன். வாசலில் நிற்கிற ஃபியட் அழகாக இருக்கிறது என்றீர்களே, அது அவனுடையதுதான், பிறகு நான் வாங்கிக்கொண்டேன்.

பதினொரு வருஷமாக யாரும் கேட்கவில்லை, நீங்கள் கேட்டீர்கள், சொன்னேன். எல்லாவற்றையும் எழுதுங்கள். ஒன்றை மட்டும் தப்பாக எழுதிவிடாதீர்கள், சார். துணியை நான் ஏர் ஃபில்டரில்தான் வைத்தேன். ஹாரனை நான் தொடவே இல்லை.