ரயில் வந்தால் மாட்டை எங்கே கட்டுவது

“அந்த ரயிலு மறுபடி வந்துச்சுன்னா, மொதல்ல இடிபடறது எங்க மாட்டுக் கட்டுத்தரைதானுங்க.”

முள்ளுக்குறிச்சியில் கொல்லிமலை பஸ் ஏறிய பெரியவர் இதைச் சொன்னார். கீழே அவர் ஊர் வழியாக ஓடி, பிறகு மூடப்பட்ட ரயில் பாதையைத் திறக்கச் சொல்லும் துண்டுச்சீட்டுகளை பஸ்ஸில் எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தவரும் அவர்தான். மலையில் மிளகு பறிக்க ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டு நானும் அதே பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன்.

பலாப்பழம் விற்றுவிட்டு வெறும் சாக்கோடு திரும்பிய மலைக்காரப் பெண் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“ஏனுங்க, தண்டவாளத்து மேலயா மாட்டக் கட்டுனீங்க?”

“தண்டவாளத்தப் பேத்துட்டுப் போயிட்டாங்க அம்மிணி. எடம் மேடா, மழையில சேறாகாம இருந்துச்சு. கட்டிட்டோம்.”

“அப்பறம் எதுக்குங்க ரயிலு கேக்கறீங்க?”

“கட்டிக்குடுத்த ஊருல மவ கீழ உழுந்து இடுப்பு ஒடஞ்சுபோச்சு. பஸ்ஸுல உக்கார முடியாது. ரயிலுன்னா படுத்துக்கிட்டே ஊட்டுக்கு வந்துருவா.”

கொண்டை ஊசி வளைவில் பஸ் சாய்ந்தது. அவள் சாக்கை மடித்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

“அப்ப மாட்ட எங்க கட்டுவீங்க?”

“அதத்தான் ஊட்டுலயும் கேக்கறாங்க.”

“எங்க ஊட்டுல கொண்டாந்து கட்டுங்க. மேல பில்லு நெறையக் கெடக்குது.”

“பால் கறக்க நான் தெனமும் இந்த வளைவெல்லாம் ஏறி வரோணுமே.”

“அதுக்கும் ஒரு ரயிலு கேளுங்க.”

முன்சீட்டுக்காரர்கள் சிரித்தார்கள். பெரியவர் சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்:

“கேக்கலாம். மொதல்ல மவ வரட்டும்.”