வட்டக்கோட்டையில் எம்டன்

நீங்க கேள்விப்பட்டது பாதிதான் அண்ணாச்சி. எங்க நாத்தனா சாரம்மாள் ஒரு ஆம்பளைய முடியப் புடிச்சு இழுத்தது நெசந்தான். ஆனா சண்டையில இல்ல. நானும் பக்கத்துல நின்னு பாத்தேன்லா.

போன மாசம் பள்ளிக்கூட லீவுக்கு, பாளையங்கோட்டையில இருந்து வாத்தியாருமாரும், சாரம்மாள் மாதிரி வாத்தியாரம்மாமாரும், வீட்டுப் பொம்பளையளுமா வண்டி கட்டி வட்டக்கோட்டைக்குப் போனோம். கன்னியாகுமரிக்கு இங்கிட்டு, கடலப் பாத்துக்கிட்டு நிக்கும். போனதில்லியா? மதிலு மேல மாட்டுவண்டியே ஓட்டலாம், அம்புட்டு அகலம். காத்துன்னா காத்து, கட்டுச்சோத்தப் பிரிச்சா பாதி மணலு.

கூட வந்தவுகள்ல சத்தியநேசன்னு ஒரு டிரில் வாத்தியாரு. ஆளு பனைமரம் கணக்கா இருப்பாரு, மீசையும் அதுக்குத் தக்கன. மதிலு மேல ஏறி நின்னு, இங்கன பீரங்கி வச்சிருந்தான், அங்கன எதிரி கப்பல் வந்துச்சு, அன்னைக்கு நான் மட்டும் இருந்திருந்தேன்னா அப்பிடின்னு ஒரே அளப்பு. சாரம்மாளுக்குப் பெருமை பேசுத ஆம்பளையக் கண்டாலே ஆகாது. மூஞ்சியத் திருப்பிக்கிட்டா.

அந்நேரம் பாத்து கடல்ல தூரத்துல கரும்புகை. ஜெர்மன்காரன் கப்பல் எம்டன், மதராசுல குண்டு போட்டுட்டுப் போன சமயமில்லா? யாரோ எம்டன்னு கத்துனாவ பாருங்க, டிரில் வாத்தியாரக் காணோம். சரிவுல எறங்கி ஓடி, கோட்டைக்குள்ள கெடக்குத குளத்துல தொபுக்கடீர்னு விழுந்துட்டாரு. தண்ணிக்குள்ள முங்கிட்டா குண்டு படாதுன்னு நெனப்பு. தனக்கு நீச்சல் தெரியாதுங்கது உள்ள போன பொறவுதான் ஞாபகம் வந்திருக்கு.

ஆம்பளையள் அம்புட்டு பேரும் கப்பலையே பாத்துக்கிட்டு நிக்காவ. சாரம்மாள்தான் சேலைய வரிஞ்சு கட்டிட்டுக் குதிச்சா. ஆத்துல நீந்தி வளந்தவள்லா. குடுமியக் கொத்தாப் புடிச்சு இழுத்துக் கரையில போட்டா. கப்பலா? அது கொச்சிக்குச் சரக்கு ஏத்திட்டுப் போன கப்பலாம்.

எல்லாரும் சிரிக்காவ. அவரு மீசையில பாசி தொங்குது. ஆழம் பாக்க எறங்குனேன்னு ஏதாவது அடிச்சு விடுவாருன்னுதான் நான் நெனச்சேன். அவரு பைய எந்திரிச்சு, சாரம்மாள் முகத்தப் பாத்து, வாத்தியாரம்மா, நான் ரொம்பப் பயந்துட்டேன்னாரு. அம்புட்டுத்தான்.

சாரம்மாள் சிரிக்கல அண்ணாச்சி. தலை தொவட்டத் தன் துண்டக் குடுத்தா. திரும்பி வரும்போது பணகுடிகிட்ட, வண்டியில எங்கிட்ட ஒட்டி உக்காந்தா. பொறவு சொன்னா, மைனி, என்னையப் பாக்க வந்தவன் அத்தன பேரும் வீரந்தான் பேசுனான். பயந்தேன்னு சொன்ன ஆம்பள இவரு ஒருத்தருதான்னு.

இருங்க, எந்திரிக்காதிய. கருப்பட்டிக் காப்பி ஆறிப்போவுது. உங்க மகனுக்கு அவளத் தாரேன்னு எங்க வீட்டுக்காரவுக வாக்குக் குடுத்தது வாஸ்தவந்தான், நான் இல்லங்கல. ஆனா வேதக்கோயில்ல சாரம்மாளுக்கும் டிரில் வாத்தியாருக்கும் மூணு ஞாயித்துக்கெழமையும், தடை இருந்தாச் சொல்லுங்கன்னு பாதிரியாரு கல்யாண ஓலை வாசிச்சுட்டாரு. வார திங்கக்கெழமை கல்யாணம்.

எங்க வீட்டுக்காரவுகளா? உங்க வண்டி தெருமுனை திரும்புததப் பாத்ததும், பின்வாசல் வழியா ஆத்துக்குக் குளிக்கப் போயிட்டாவ. அதுக்குச் செத்த முந்தித்தான் குளிச்சுட்டு வந்தாவ. தலைகூட இன்னும் காஞ்சிருக்காது.