சைக்காலின் நாற்காலி

மாலை ஆறரை மணி. ஜனவரி இருட்டு. டோக்மோக் ஊருக்குப் போகும் பழைய சாலையில் ஒரு வண்டி இல்லை... நிலக்கரிப் புகை நாற்றம் மட்டும்.

அடுப்போரம் நெருங்கி உட்காருங்கள். இது என் நண்பன் உலானின் அக்கா புருஷன் மெதெருக்கு நடந்தது.

அந்தச் சாலையோரத்தில் ஒரு தையல் கூடம். கேமரா வைத்திருந்தார்கள். பெண்களின் அசைவுகளை வீடியோவில் துண்டு துண்டாக வெட்டிப் பெயரிட, கம்ப்யூட்டரைப் பழக்கியவன் மெதெர். மூன்றே பெயர்கள். துணி எடுத்தல், தைத்தல், ஓய்வு. ஓய்வு கூடினால் வேலை போய்விடும்.

சைக்கால் என்றொரு விதவை. ஒரு கட்டு தைத்து முடித்ததும் உள்ளங்கைகளை விரித்து, முகத்தைத் தடவி, "ஆமீன்" என்பாள். மெதெர் அதையும் ஓய்வு என்றே பழக்கியிருந்தான்.

"தம்பி, அது துஆப்பா, அல்லாகிட்ட வேண்டிக்கிறது. ரெண்டு செகண்டு. அதைப் போய் ஓய்வுன்னு போடுறியே... இந்த வேலையும் போனா நாலு புள்ளைங்க தெருவுல நிக்கும்."

"சாயங்காலமா மொத்தத்துக்கும் சேர்த்து ஒரே ஆமீனா சொல்லிக்கக்கா!"

கூடமே சிரித்தது.

அவள் கையை விரிப்பதை விட்டாள். தண்ணீர் குடிக்க எழுவதையும் விட்டாள். கடும் காய்ச்சலோடு ஒன்பது நாள் தைத்தாள். பத்தாம் நாள் மேஜை மேல் சரிந்தாள். திரையில், ஓய்வு. "நடிக்கிறா" என்று மெதெர் டீயை உறிஞ்சினான். நாற்பது நிமிடம்... ஓய்வு, ஓய்வு, ஓய்வு. தொட்டபோது உடம்பு சில்லிட்டிருந்தது.

அவளுடைய நாற்பதாம் நாள் சாப்பாட்டுக்கு எல்லாரும் போய்விட்டார்கள். மெதெர் போகவில்லை. அன்றுதான் அந்த ஆறரை மணி.

திரையில் சைக்காலின் காலி நாற்காலி. பக்கத்தில் எழுத்துகள் ஓடின. துணி எடுத்தல். தைத்தல். துணி எடுத்தல். தைத்தல்... கூடத்திலிருந்து டக்... டக்... டக்.

கோளாறு என்று நினைத்தான். சோதித்துப் பார்க்க அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தான்.

காலையில் பெண்கள் வந்து கதவைத் திறந்தபோதும் தைத்துக்கொண்டிருந்தான். துணி இல்லை. ஊசி அவன் விரல்களில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது...

இப்போது ஆஸ்பத்திரியில். கட்டுப் போட்ட கைகள் இன்னும் நிற்கவில்லை. உலான் அதைப் போனில் படம் பிடித்து, அதே கம்ப்யூட்டருக்குக் கொடுத்தான்.

"ரெண்டு ஆள் காட்டுதுடா..." என்றான் என்னிடம்.

படத்தில் மெதெர் மட்டும்தான். முதல் ஆள்: துணி எடுத்தல், தைத்தல், துணி எடுத்தல், தைத்தல்...

இரண்டாவது ஆள், அவன் தலைமாட்டில்: ஓய்வு.