தள்ளச் சொன்னது யாரை?

மேடையில் அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் டாக்டரம்மாவின் மகளே, வெள்ளை அங்கியைக்கூடக் கழற்றாமல் வார்டுகளிலிருந்து ஓடி வந்திருக்கும் தோழர்களே, வணக்கம்.

இரங்கல் கூட்டத்தில் குரலைத் தாழ்த்த வேண்டும் என்பார்கள். என்னால் முடியவில்லை. நம் சங்கத்தின் முதல் தலைவர், எத்தனை விருது கொடுத்தாலும் "டாக்டரம்மான்னா போதும்" என்றவர், மறைந்துவிட்டார். ஆனால் அவரைப் பற்றிப் பேச எழுந்தாலே நாடி துள்ளுகிறது. ஏன் துள்ளாது?

இந்தச் சங்கம் எங்கே பிறந்தது? எக்ஸ்ரே அறையில் என்கிறது ஆண்டுமலர். இல்லை! என் கையில் இருப்பது முதல் குறிப்பேடு. இதன் முதல் பக்கம் வேறு சொல்கிறது.

நாடெங்கிலுமிருந்து இருபத்தெட்டு மருத்துவர்கள் ரயிலேறி வந்து, ஓர் ஆஸ்பத்திரி மாடியில், எக்ஸ்ரே அறையில் கூடினார்கள். நாற்காலி போதவில்லை. நோயாளி படுக்கும் மேசையில் நான்கு பேர். நாட்டுக்கு ஒரே சங்கம் என்பதில் எல்லாருக்கும் சம்மதம். யாருக்கு வாக்கு என்பதில்தான் வம்பு. பட்டம் பெற்றவர்கள் பதினான்கு. மூன்றாண்டு படித்துச் சான்றிதழ் வாங்கியவர்கள் பதினான்கு. சான்றிதழ்காரர்களுக்கும் சமவாக்கு என்ற தீர்மானம் சரிபாதியில் நின்றது. தோற்றால் தனிச்சங்கம் என்று அவர்கள் பெட்டியைப் பூட்டிவிட்டார்கள். ஆறு மணிக்கு வண்டி.

மீதி ஒரே வாக்கு. அது கீழே பிரசவ அறையில் இருந்தது. தங்கப் பதக்கத்தோடு பட்டம் வாங்கிய நம் டாக்டரம்மா.

செயலாளர் குறிப்பேட்டோடு படியிறங்கி ஓடினார். மூடிய கதவின் முன் நின்று தீர்மானத்தை முழுதாக வாசித்தார். என்ன செய்யலாம் என்று கேட்டார். உள்ளிருந்து குரல் வந்தது.

"தள்ளு! விடாத, தள்ளு!"

பட்டக்காரர் பட்டக்காரர் பக்கம்தானே? செயலாளருக்குச் சந்தேகமே வரவில்லை. தன்னைவிட இருபது வயது சின்னவர் 'தள்ளுங்க' என்றுகூடச் சொல்லவில்லையே என்பதுதான் வருத்தம். எழுதினார்: "டாக்டரம்மா தள்ளச் சொன்னார்." மாடிக்குப் போய் அறிவித்தார். பதினான்கு பெட்டிகள் படியிறங்கின.

அதே நேரம், கீழே, குழந்தையின் அழுகை.

கையைத் துடைத்தபடி வெளியே வந்தவர் பெட்டிகளைப் பார்த்தார். விஷயம் கேட்டார். சிரிக்கவில்லை. வாசலை மறித்து நின்றார்.

"நான் தள்ளச் சொன்னது அவளை. உங்க தீர்மானத்தை இல்ல. பெட்டிய வைங்க. இப்பப் பொறந்த பிள்ளை என் பட்டத்தை வாங்கிப் பாத்துட்டா வெளிய வந்துச்சு?"

அதுதான் எழுதியாகிவிட்டதே என்று யாரோ இழுத்திருக்கிறார்கள்.

"குடுங்க, நானும் எழுதறேன்."

பாருங்கள். செயலாளரின் முத்தான கையெழுத்து. அதன் கீழே, சாய்ந்த எழுத்தில், ஈர விரல் பட்டுக் கரைந்த மையில், ஒரே சொல்: "தாயை."

அவர் வாக்கு சமவாக்குக்கு விழுந்தது; பெட்டிகள் திரும்ப மாடியேறின. அந்த ஒரு சொல்லில் பிறந்தது நம் சங்கம்! பிரசவ அறை வாசலில்!

அதன்பின் இருபது ஆண்டுகள் தலைமை வகித்தார். ஒரு கூட்டத்திலும் அந்த வினைச்சொல் அவர் வாயில் வந்ததில்லை. ஒத்திவைப்பார். நிராகரிப்பார். குப்பையில் போடச் சொல்வார். தள்ளமாட்டார்.

தோழர்களே, அடுத்த மாதப் பொதுக்குழுவுக்கு ஒரு தீர்மானம் வந்திருக்கிறது. ஒப்பந்த மருத்துவர்களுக்கு வாக்கு வேண்டாமாம். நான் ஒப்பந்த மருத்துவர். சென்ற வாரம் டாக்டரம்மாவின் படுக்கையருகே அமர்ந்து அதை வாசித்துக் காட்டினேன். கண்கள் மூடியிருந்தன. தூங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

"தள்ளு" என்றார்.

தலையணை கழுத்தை அழுத்திக்கொண்டிருந்தது. எனக்குக் குழப்பம்.

"தலகாணியயா டாக்டரம்மா, தீர்மானத்தயா?"

"ரெண்டையும்."

தலையணையை அப்போதே தள்ளிவிட்டேன். மற்றது நம் கையில். நாம் தள்ளுவோம். செயலாளர் அவர்களே, இம்முறை எதை என்று தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள்.