கர்த்தர் சித்தமும் நண்டுக் குழம்பும்

ஆசிரியர் இடமாற்றத்தில் யாருடைய சிபாரிசும் செல்லாது என்பது விதி. ஈப்போவிலிருந்து செமோர் செல்லும் பேருந்தில் என் முன்னிருக்கையில் இருந்த இரு பெண்களை அந்த விதி எட்டியிருக்கவில்லை.

"மகன் கடல் தாண்டி சபா மாநிலத்துல வாத்தியாராகி அஞ்சாறு வருஷமாச்சு. என்னால இங்க தனியா இருக்க முடியல. எல்லாம் கர்த்தர் சித்தம்னு விட்டுட்டேன்லா" என்றார் மூத்தவர்.

"அப்புறம் எதுக்குக்கா மாற்றல் போடுற அந்த ஆபீசர் வீட்டுக்கு நண்டுக் குழம்பு கொண்டு போனீங்க?" என்று இளையவர் கேட்டார்.

"சித்தம் அவரோடது. ஊரு ஈப்போவா இருக்கட்டும்னு நான் கொஞ்சம் ஒத்தாசை பண்ணேன்."

"கர்த்தருக்கே ஒத்தாசையா! அவரு இத்தன நாளு ஆளில்லாம கஷ்டப்பட்டாரு, பாவம்."

அப்போது மூத்தவரின் கைப்பேசி ஒலித்தது. மகன் மாற்றல் கடிதத்தைப் படமெடுத்து அனுப்பியிருந்தான்.

"ஈப்போ கெடச்சிருச்சு! என் புள்ள வீட்டுக்கு வாரான்!" அழுதார், அழுதுகொண்டே சொன்னார்: "பாத்தியா, நண்டு வேலை செஞ்சிருச்சு!"

இளையவர் கைப்பேசியை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"அக்கா, இதுல அந்த ஆபீசர் கையெழுத்துப் போட்டது பெரிய வெள்ளிக்கு முந்தின வாரம். நீங்க நண்டு ஆக்குனது ஈஸ்டர் முடிஞ்சுலா."

மூத்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஸ்தோத்திரம்" என்றார். சற்று யோசித்தார்.

"அப்போ அந்த ஆளு எதுக்குச் சட்டியோட வாங்கி வச்சிக்கிட்டாரு?"